செகண்ட் வயலின் எந்தப் பக்கம்?

சைகோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனியில் எந்தப் பதிவு சிறந்தது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அதில் செகண்ட் வயலின்காரர்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள்? கண்டக்டர் யார், இசைக்குழு எது, வேகம் எப்படி, ஒலி தெளிவா என்று பேசத் தயாராக வந்தவரிடம் நாற்காலியைப் பற்றிக் கேட்டால் முழிக்கத்தான் செய்வார். ஆனால் இந்த சிம்பொனியைப் பொறுத்தவரை அந்த நாற்காலி எங்கே போடப்பட்டிருக்கிறது என்பதிலேயே பாதி விஷயம் அடங்கிவிடுகிறது.

2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியதிலிருந்து என்னைப் போன்றவர்களிடம் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. ‘சார், ஐரோப்பிய சிம்பொனி கேட்கணும், எதை எடுக்கலாம், யார் வாசித்ததை எடுக்கலாம்?’ ஆசையோடு கேட்கிறார்கள். அதற்குள் அவர்களே இணையத்தில் தேடி, ‘தலைசிறந்த பத்துப் பதிவுகள்’ என்று ஏதோ ஒரு பட்டியலையும் வைத்திருப்பார்கள். அந்தப் பட்டியல்களோடுதான் எனக்குச் சண்டை.

நான் சென்னையில் சினிமாப் பாட்டுப் பதிவுகளில் வயலின் வாசித்தவன். என் இடம் செகண்ட் வயலின். ஃபர்ஸ்ட் வயலின்காரர்கள் மெட்டைத் தூக்கிக்கொண்டு போவார்கள்; நாங்கள் அதற்குக் கீழே இசைவுச் சுரம் சேர்ப்போம், அல்லது நான்கு பாருக்கு ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்போம். பாட்டு வெளிவந்த பிறகு நாங்கள் அதில் இருக்கிறோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும். அதில் குறை ஒன்றுமில்லை, இசைவு என்பதே அப்படித்தான். அந்த இடத்திலிருந்து சிம்பொனி கேட்டுப் பழகியவனுக்குச் சில விஷயங்கள் முதலில் கண்ணில் படும். சைகோவ்ஸ்கியின் ஆறாவதில் எனக்குப் பட்டது கடைசிப் பகுதியின் தொடக்கம்.

சிம்பொனியைப் பற்றி முதலில் கொஞ்சம். 1893 அக்டோபர் 28 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் சைகோவ்ஸ்கியே கண்டக்ட் செய்து அரங்கேற்றினார். ஒன்பது நாள் கழித்து, நவம்பர் 6 அன்று இறந்துபோனார். வயது 53. சிம்பொனி ‘பத்தெதீக்’ என்ற பெயரோடு உலகம் முழுக்கப் பரவியது. தன் சாவை முன்கூட்டியே உணர்ந்து எழுதிய இரங்கல் இது என்ற கதை அன்றே கிளம்பிவிட்டது. அந்தக் கதையை நான் நம்புவதில்லை. எழுதிக்கொண்டிருந்தபோது தன் சகோதரி மகன் தவீதவுக்கு அனுப்பிய கடிதத்தில், தன் படைப்புகளிலேயே இதுதான் சிறந்தது, மிகவும் உண்மையானது என்று நிறைவோடு சொன்ன மனிதர் அவர். சிம்பொனியை அந்தச் சகோதரி மகனுக்கே சமர்ப்பித்தார். சாவுக் கதை என்ன செய்துவிட்டது என்றால், கண்டக்டர்கள் இதை வாசிக்கும்போதெல்லாம் கூடுதல் துக்கத்தை ஏற்றத் தொடங்கினார்கள். கேட்பவர்களும் எந்தப் பதிவில் அதிகம் அழுகை வருகிறதோ அதற்கு முதலிடம் கொடுக்கத் தொடங்கினார்கள்.

இப்போது அந்தக் கடைசிப் பகுதிக்கு வருவோம். வயலின்களிலிருந்து ஒரு மெட்டு இறங்கி வருகிறது. படிப்படியாகக் கீழே வரும் சில சுரங்கள்தான். ஒருமுறை கேட்டால் யாரும் முணுமுணுத்துவிடலாம். ஆனால் ஸ்கோரைத் திறந்து பார்த்தால் அந்த மெட்டு எந்த வயலினின் வரியிலும் இல்லை! ஒரு சுரத்தை ஒரு வயலின் அணிக்கும் அடுத்த சுரத்தை மற்ற அணிக்கும் என்று மாற்றி மாற்றிப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். மெட்டின் சுரம் தன் கையில் இல்லாத நேரத்தில் அந்த அணி இசைவுச் சுரத்தை வாசிக்கிறது. கீழே வயோலாவும் செல்லோவும்கூட இதே மாதிரி பங்கு போட்டுக்கொள்கின்றன.

செகண்ட் வயலின் பார்ட்டை வீட்டில் தனியாக வாசித்துப் பார்த்திருக்கிறேன். மேலும் கீழும் தாவுகிற சுரங்கள். ஒரு இடத்திலும் மெட்டு தட்டுப்படாது, துக்கமும் தட்டுப்படாது. ஃபர்ஸ்ட் வயலின் பார்ட்டும் அதே கதிதான். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போதுதான் கேட்பவரின் காது பொருத்தமான சுரங்களைப் பொறுக்கி எடுத்துக் கோத்துக்கொள்கிறது. டயானா டாய்ச் என்ற உளவியல் ஆய்வாளர் காது செய்கிற இந்த வேலையை ஆராய்ந்தபோது சைகோவ்ஸ்கியின் இந்த இடத்தையும் எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறார். இது தற்செயலாக எழுதியதும் இல்லை. பின்னால் அதே மெட்டு திரும்பி வரும்போது அதை முழுசாக ஃபர்ஸ்ட் வயலின் கையில் கொடுத்துவிடுகிறார். முதல் தடவை இரண்டாகப் பிளந்து, இரண்டாம் தடவை ஒன்றாகச் சேர்த்து எழுதியிருக்கிறார் என்றால் இரண்டுக்கும் நடுவே கேட்க வேண்டியது ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

அந்த வித்தியாசம் காதுக்கு எட்டுமா என்பது நாற்காலியைப் பொறுத்தது. சைகோவ்ஸ்கி காலத்து இசைக்குழுக்களில் ஃபர்ஸ்ட் வயலின் கண்டக்டருக்கு இடது கைப்பக்கமும் செகண்ட் வயலின் வலது கைப்பக்கமும் எதிரெதிராக உட்காருவதுதான் வழக்கம். அப்படி உட்கார்ந்தால் இந்த மெட்டின் சுரங்கள் மேடையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய்ப் போய் வரும். மெட்டு ஒன்று, ஆனால் அது நிலைகொள்ளாமல் தத்தளிக்கும். இருபதாம் நூற்றாண்டில் லண்டனில் ஹென்றி வுட், பிலடெல்ஃபியாவில் ஸ்டொகோவ்ஸ்கி போன்ற கண்டக்டர்கள் இரண்டு வயலின் அணிகளையும் இடப்பக்கமே சேர்த்து உட்காரவைத்தார்கள். உலகமே அதைப் பின்பற்றியது.

அதற்குக் காரணங்கள் உண்டு, அவற்றை நான் மறுக்கவில்லை. வலப்பக்கம் உட்கார்ந்தால் வயலினின் ஒலித்துளைகள் ரசிகர்களை விட்டு விலகி மேடையின் பின்பக்கம் பார்க்கும், ஒலி மங்கும். இரண்டு அணியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒருவரை ஒருவர் கேட்டுச் சேர்ந்து வாசிப்பது சுலபம். பதிவு செய்பவருக்கும் வசதி. செகண்ட் வயலின்காரனாக எனக்கு அந்தச் சௌகரியம் நன்றாகவே தெரியும். ஃபர்ஸ்ட் வயலினின் வில் நகர்வதைப் பார்த்துக்கொண்டே வாசிக்கலாம். ஆனால் இந்தக் கடைசிப் பகுதியில் அந்தச் சௌகரியத்துக்குக் கொடுக்கிற விலை பெரிது. எல்லாச் சுரமும் இடது மூலையிலிருந்தே வருவதால் மெட்டு ஒட்டுப்போட்ட தடமே தெரியாமல் முழுசாகக் கேட்கிறது. பிளந்து எழுதியவர் எதற்காகப் பிளந்தார் என்பதே காணாமல் போய்விடுகிறது.

அதனால்தான் யெவ்கெனி ம்ராவின்ஸ்கியின் 1960 பதிவை எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கிறேன். 1938 முதல் 1988 வரை ஐம்பது ஆண்டுகள் லெனின்கிராட் ஃபில்ஹார்மோனிக்கை வழிநடத்தியவர் அவர். அவர்கள் மேற்கு ஐரோப்பாவுக்கு வந்திருந்தபோது டாய்ச்ச கிராமோஃபோன் நிறுவனம் சைகோவ்ஸ்கியின் கடைசி மூன்று சிம்பொனிகளையும் ஸ்டீரியோவில் பதிவு செய்தது. நான்காவதை லண்டனுக்குப் பக்கத்தில் வெம்ப்ளி டவுன் ஹாலில் செப்டம்பரில் எடுத்தார்கள். ஐந்தாவதும் ஆறாவதும் வியன்னாவின் மூசிக்ஃபெரைன் அரங்கில் நவம்பரில். ம்ராவின்ஸ்கி பழைய அமர்வு முறையை விடாதவர், செகண்ட் வயலின் வலப்பக்கம்தான். ஹெட்ஃபோனில் கேட்டால் கடைசிப் பகுதியின் முதல் பாரிலேயே சுரங்கள் இரண்டு காதுக்கும் நடுவே அலைவது தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தச் செகண்ட் வயலின்காரர்களின் வில்லில் ஃபர்ஸ்ட் வயலினுக்கு இருக்கிற அதே அழுத்தம் இருக்கிறது. எங்கள் தொழிலில் செகண்ட் என்றாலே கொஞ்சம் அடக்கி வாசிக்கிற பழக்கம் தானாக வந்துவிடும். லெனின்கிராட்காரர்களிடம் அது இல்லை. மெட்டின் சுரம் தங்கள் பக்கம் விழும்போது அதற்கு உரிமை கொண்டாடி வாசிக்கிறார்கள். பகுதியின் உச்சத்துக்குப் பிறகு ஹார்ன்காரர்கள் மணிவாய்க்குள் கையைத் திணித்து அடைத்து வாசிக்கிற தாழ்ந்த சுரங்கள் வரும். பல பதிவுகளில் அது தந்திகளுக்கு அடியில் எங்கோ உறுமும். இதில் நெஞ்சைக் கீறுகிறது. அப்புறம் டாம்-டாம் என்ற பெரிய சேகண்டியில் மெல்ல ஒரு தட்டு. மொத்த சிம்பொனியிலும் அந்தக் கருவிக்கு அந்த ஒரு தட்டுதான் வேலை. அதைத் தொடர்ந்து டிராம்போன்களும் டூபாவும் தணிந்த குரலில் பாடுகின்றன. சோவியத் இசைக்குழுக்களின் ஊதுகருவிகளுக்கென்று ஒரு பாணி இருந்தது. நீட்டிய சுரத்தில் லேசான அசைவு, விளிம்பில் ஒரு கூர்மை. லெனின்கிராட், வியன்னா, பாரிஸ் ஒவ்வொன்றுக்கும் தனிப் பாணி இருந்த காலத்தின் சாட்சி இந்தப் பதிவுகள்.

ஓட்டோ கிளெம்பெரர் 1961இல் லண்டன் ஃபில்ஹார்மோனியாவுடன் எடுத்த பதிவிலும் வயலின்கள் பிரிந்தே உட்கார்ந்திருக்கின்றன. கிளெம்பெரர் எதற்கும் அவசரப்படாதவர். மூன்றாம் பகுதியின் அணிநடையை மற்றவர்கள் பாய்ச்சலாக விரட்டும்போது இவர் நிதானமாக நடத்துகிறார். கொஞ்சம் வறட்சியான பதிவுதான், ஆனால் யார் எதை வாசிக்கிறார்கள் என்பது அதில் தெரிகிற அளவுக்கு வேறு எதிலும் தெரியாது. ஸ்கோரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிற மாணவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். பியேர் மோந்த்தே பாஸ்டன் சிம்பொனியுடன் 1955 ஜனவரியில் செய்த பதிவு ஸ்டீரியோவின் ஆரம்ப நாட்களைச் சேர்ந்தது. வயலின்களைப் பிரித்து உட்காரவைப்பது அவருக்கும் வழக்கம். இதில் துக்கத்தை விட ஓட்டம் அதிகம்.

கண்டக்டர் கராயன் இந்த சிம்பொனியை ஏழு முறை பதிவு செய்தார், 1939இல் பெர்லினில் தொடங்கி 1984இல் வியன்னாவில் முடித்தார். பட்டியல்களில் அவர் பெயர் இல்லாமல் இருக்காது. அவருடைய பெர்லின் தந்திகளின் ஒலியழகை யாரும் குறை சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. அந்த அழகுதான் இந்த இடத்தில் இடைஞ்சல். மெட்டின் எல்லாத் தையலும் மறைந்துவிடுகிறது.

பழைய மோனோ பதிவுகள் என்ன ஆவது என்று நியாயமாகக் கேட்கலாம். மோனோவில் இடதும் இல்லை, வலதும் இல்லை. அப்படியானால் ஃபுர்ட்வெங்லர் 1938இல் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்குடன் செய்த புகழ்பெற்ற பதிவை என் அளவுகோலால் அளக்க முடியாது. உண்மைதான். அதை வேறு காரணத்துக்காகக் கேட்கிறேன். அந்தக் காலத்து 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நாலரை நிமிடத்துக்கு மேல் இடம் கிடையாது. கடைசிப் பகுதியையே துண்டு துண்டாக வாசித்துத்தான் பதிவு செய்திருக்க முடியும். சினிமாவில் டேக் டேக்காக வாசித்தவனுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். விட்ட வேகத்தை, விட்ட மனநிலையை மறுபடி பிடிப்பது லேசான காரியமில்லை. ஃபுர்ட்வெங்லரின் பதிவைச் சேர்த்துக் கேட்டால் ஒரே மூச்சில் வாசித்தது போல இருக்கிறது. வேகத்தை அவர் ஒரு இடத்தில்கூட ஒரே மாதிரி வைத்துக்கொள்வதில்லை, ஆனாலும் ஓட்டம் அறுவதில்லை.

அதே பதிவைக் கேட்கும்போது 1938 என்ற ஆண்டும் கூடவே வருகிறது. நாஜிகள் ஆட்சிக்கு வந்த பிறகு அந்த இசைக்குழுவின் யூதக் கலைஞர்கள் வெளியேற வேண்டியிருந்தது. முதல் வயலின் தலைவர் ஷிமோன் கோல்ட்பெர்க் 1934இலேயே போய்விட்டார். அந்த நாற்காலிகளில் வேறு ஆட்கள் உட்கார்ந்து வாசித்த பதிவு இது. இசை நன்றாக இருக்கிறது என்பதால் இதைச் சொல்லாமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி வேகம். பட்டியல் போடுபவர்கள் மிகவும் நேசிக்கிற இன்னொரு பதிவு லெனர்ட் பெர்ன்ஸ்டைன் 1986இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்குடன் செய்தது. கடைசிப் பகுதி மட்டும் 17 நிமிடத்துக்கு மேல் போகிறது. ம்ராவின்ஸ்கிக்கு அதே பகுதி பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அச்சிட்ட ஸ்கோரில் இந்தப் பகுதியின் தலைப்பில் நிமிடத்துக்கு 54 தட்டு என்று மெட்ரோனோம் அளவு இருக்கிறது. அதன்படி போனால் பத்து நிமிடத்தைத் தாண்டாது. ஆக பெர்ன்ஸ்டைன் எடுத்துக்கொண்டது சைகோவ்ஸ்கி கேட்காத ஏழு நிமிடம்.

பெர்ன்ஸ்டைன் மேல் எனக்கு மரியாதை உண்டு. இவ்வளவு மெதுவாக வில்லை இழுத்தபடி சுருதியும் பிசகாமல், ஒலியும் நடுங்காமல் ஒரு முழு இசைக்குழுவைக் கட்டிக் காப்பது எப்பேர்ப்பட்ட காரியம் என்று வயலின் பிடித்தவனுக்குத் தெரியும். 1964இல் அதே இசைக்குழுவுடன் அவரே செய்த முந்தைய பதிவில் இந்தத் தாமதம் இல்லை. இருபது ஆண்டுகளில் அந்த இசை அவருக்குள் கனத்துப் போயிருக்கிறது. ஆனால் அந்த வேகத்தில் ஒவ்வொரு சுரமும் தனித்தனிப் பாறாங்கல்லாக நிற்கிறது. இரண்டு அணியும் பங்கு போட்டுக்கொள்கிற மெட்டை என் காதால் கோக்க முடிவதில்லை. அடுத்த சுரம் வருவதற்குள் முந்தையது ஆறிப்போகிறது. துக்கம் நடந்துகொண்டிருக்கும்போது கேட்பது வேறு, துக்கத்தை நிறுத்திவைத்துக் காட்டுவது வேறு. சைகோவ்ஸ்கி எழுதியது முதலாவது. மெதுவாக வாசித்தால் ஆழம் என்று நம்புகிற விமர்சகர்கள் இந்த ஒரு விஷயத்தில் பல தலைமுறை ரசிகர்களைத் திசைதிருப்பியிருக்கிறார்கள்.

ரசிகர் இதையெல்லாம் தானே ஒப்பிட்டுத் தெரிந்துகொள்ளலாமே என்றால், அதற்கான வழி அடைபட்டுக்கொண்டே வருகிறது. பழைய இசைத்தட்டு உறையிலும் சிடி கையேட்டிலும் பதிவு செய்த தேதி, அரங்கு, இசைக்குழு எல்லாம் அச்சிட்டிருப்பார்கள். இன்று பெரும்பாலானோர் கேட்பது செல்போன் ஆப்பில். அங்கே 1960இல் வியன்னாவில் எடுத்த பதிவின் கீழே பெரும்பாலும் அதை மறுவெளியீடு செய்த ஆண்டுதான் இருக்கும். ஒரே கண்டக்டர் நாலைந்து தடவை பதிவு செய்த சிம்பொனி என்றால் நீங்கள் கேட்பது எது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ம்ராவின்ஸ்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 1956இலும் அவர் இதே நிறுவனத்துக்கு வியன்னாவில் ஆறாவதைப் பதிவு செய்தார், ஆனால் அது மோனோ. நான் இவ்வளவு நேரம் சொன்ன இடது வலது எதுவும் அதில் கேட்காது. அட்டைப்படத்தில் அதே முகம், அதே இசைக்குழு, அதே சிம்பொனி. ஆண்டு தெரியாத ரசிகர் ஒன்றை நினைத்து இன்னொன்றைக் கேட்டுவிட்டு, வயலின்காரர் ஏதோ கதை விட்டார் என்று போய்விடுவார். மாதச் சந்தா வாங்குகிற நிறுவனங்களுக்குப் பதிவு செய்த ஆண்டையும் இடத்தையும் ஒரு வரி போடுவது பெரிய செலவில்லை. அந்தத் தகவல் இசைத்தட்டு நிறுவனங்களின் கோப்புகளில் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குகிற உரிமை காசு கொடுக்கிற நமக்கு உண்டு, கேட்க வேண்டும்.

சாதாரண ரசிகருக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று நண்பர்கள் சொல்வதுண்டு. நம் ஊர்க் கச்சேரிக்குப் போகிறவர் ஒரே கீர்த்தனையை யார் எந்தக் காலப்பிரமாணத்தில் எடுத்தார், எந்தச் சங்கதியை விட்டார் என்று வீடு திரும்பும் வழியெல்லாம் பேசிக்கொண்டு வருகிறார். அவருக்கு யாரும் அது நுணுக்கம் என்று சொல்லித் தடுத்ததில்லை. சிம்பொனிக்கும் அதே காதுதான். நட்சத்திரக் குறிகளை ஒதுக்கிவிட்டு, ஒரே ஒரு நிமிட இசையை மூன்று பதிவுகளில் அடுத்தடுத்துக் கேட்டால் போதும், எதற்கு எதன் மேல் பிரியம் என்று அவரவரே சொல்லிவிடுவார்கள். என் தேர்வோடு அது ஒத்துப்போக வேண்டும் என்றுகூட இல்லை. கராயனிடம்தான் மனம் நிற்கிறது என்று ஒருவர் காரணத்தோடு சொன்னால் அவரோடு உட்கார்ந்து ராத்திரி முழுக்கப் பேசத் தயார்.

தொடங்க விரும்புபவர்கள் நேரே நான்காம் பகுதிக்குப் போங்கள். முதலில் கராயனின் 1964 பெர்லின் பதிவு, அடுத்து ம்ராவின்ஸ்கியின் 1960, கடைசியாக பெர்ன்ஸ்டைனின் 1986. ஒவ்வொன்றிலும் முதல் ஒரு நிமிடம். போன் ஸ்பீக்கரில் இது எதுவும் கேட்காது, ஹெட்ஃபோன் வேண்டும். எல், ஆர் என்ற குறி பார்த்து இடது வலது மாறாமல் மாட்டிக்கொள்ளுங்கள்.